ஆணி பிடுங்கிய பின்

பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றே முக்காலுக்கு, மூன்று ஆணிகளும் பிடுங்கப்பட்டுப் பித்தளைத் தாம்பாளத்தில் வைக்கப்பட்ட பிறகும், வேம்படித்துறைக் கோயிலின் ஆண்டவர் சொரூபம் சிலுவையை விட்டு இறங்கவில்லை. அக்குளுக்குக் கீழே கொடுத்து இழுத்துப் பிடித்திருந்த நீளமான வெள்ளைத் துணியை நாலு பேர் மெல்லத் தளர்த்தினார்கள். துணி தொய்ந்து, வளைந்து, கடைசியில் அவர்கள் கையை விட்டு நழுவித் தரையில் விழுந்தது. அவரோ விரித்த கைகளோடும் வலப்பக்கம் சாய்ந்த தலையோடும், பிடித்து வைக்க எதுவும் இல்லாமல், இருந்த இடத்திலேயே இருந்தார். அவரைக் கிடத்தித் தெருச்சுற்றிக் கொண்டுபோவதற்காகப் பூக்கட்டி வைத்திருந்த ஆசந்தி கீழே திறந்து கிடந்தது. ஒருவரும் அலறவில்லை. முன்வரிசைப் பெண்கள் ஒப்பாரியை நடுவில் நிறுத்திவிட்டு, அடுத்த வரியை எடுப்பதா வேண்டாமா என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் இடப்பக்கத்து ஏணியின் உச்சியில் குறடும் கையுமாக நின்றவர் எஸ்தாக்கி. அது அவருடைய ஏணி அல்ல. வலது கை ஆணி அவர்கள் வீட்டில் மூத்தவனுக்கு, இடது கை ஆணி இளையவனுக்கு, கால் ஆணி மொராயிஸ் வீட்டாருக்கு என்று எந்தக் காலத்திலோ முடிவாகியிருந்தது. எஸ்தாக்கியும் தம்பி இன்னாசியும் பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை அந்த ஒரே சிலுவையின் இரண்டு பக்கமும் ஏணி சாய்த்து ஏறி, கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் முகத்தைப் பார்த்துக்கொள்ளாமல் ஆளுக்கொரு ஆணியைப் பிடுங்கிவிட்டு இறங்கிப் போவார்கள். இந்த வருடம் இன்னாசியால் ஏற முடியவில்லை. இரண்டு கிட்னியும் கெட்டு, வாரம் மூன்று நாள் பஸ் ஏறிப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வருகிற மனிதர், ஏணியடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு மகனும் இல்லை. பங்குச் சாமியார் சாடை காட்ட, எஸ்தாக்கி தன் ஏணியிலிருந்து இறங்கி, சிலுவைக்கு முன்னால் தலை குனிந்து கடந்து, தம்பியின் ஏணியில் ஏறினார்.

அன்று மாலை ஆசந்தி வெறுமனேதான் தெருச்சுற்றியது. வருடா வருடம் பாரத்தைத் தூக்கிப் பழகிய தோள்கள் வெறும் பெட்டியைத் தூக்கத் தெரியாமல் தடுமாறின, காலடி மாறின, முன்னால் போனவர்கள் பின்னால் வந்தவர்களைத் திட்டினார்கள். எஸ்தாக்கி அதன் பின்னால் நடந்தார். பிடுங்கியது தன் கை என்பதால் குற்றமும் தன் கையில்தானோ என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதை உடனே தள்ளினார். தள்ளியது கடைசித் தெருவுக்குள் மறுபடியும் வந்துவிட்டது.

மறுநாள் பக்கத்து ஊர் ஆசாரி வந்தார். மரம் ஈரத்தில் உப்பிக் கவ்வியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே ஏறியவர், தூண்டில் நரம்பு ஒரு பாகம் நீளத்துக்கு வாங்கி, அதைச் சொரூபத்தின் முதுகுக்கும் சிலுவைக்கும் நடுவில் விட்டு இரண்டு பேரை இரண்டு முனையில் பிடிக்கச் சொன்னார். நரம்பு தலையிலிருந்து குதிகால் வரைக்கும் எங்கேயும் தட்டாமல் இறங்கியது. கைகளுக்குப் பின்னால் விட்டார்கள், அங்கேயும் போனது. மரத்துக்கும் அவருக்கும் நடுவே ஒரு நரம்பு கனத்துக்கு வெறும் காற்றுதான். ஆசாரி இறங்கி வந்து கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு காப்பி மட்டும் வாங்கிக் குடித்துப் போனார்.

ஆயர் இல்லத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவசரப்பட்டு அதற்கு எந்தப் பெயரும் வைக்க வேண்டாம், ஏணிகளைப் பூட்டி வைக்கவும் என்று அதில் இருந்தது. ஆகவே ஊர் அதற்குப் பெயர் வைக்கவில்லை. உயிர்ப்பு ஞாயிறு வந்தது. கொடி பிடித்த உயிர்த்த ஆண்டவரின் சொரூபத்தை வழக்கம்போல் பீடத்தின் வலப்பக்கம் வைத்தார்கள். நடுவில் இவர் தொங்கிக்கொண்டே இருந்தார். பெண்கள் இரண்டு பேருக்கும் மெழுகுதிரி ஏற்றினார்கள். வெளியூர்களிலிருந்து வேன்கள் வந்தன. அவர்கள் தலையை அண்ணாந்து பார்த்து, அழுது, சுண்டல் வாங்கித் தின்று போனார்கள். பத்து நாளில் வேன்கள் குறைந்தன. அதற்குள் ஊர்க்காரர்களுக்குக் கோயிலுக்குள் நுழையும்போது முதலில் கைகளைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது, வானம் பார்த்துக் காற்றை அறிவது போல.

ஆனால் உள்ளூர ஒரு பயமும் இருந்தது. ஆணியடித்துத் தொங்கியவரை முன்னூறு வருடமாகப் பார்த்து அழுதிருக்கிறார்கள். அழுவது எளிதாக இருந்தது. யாரோ செய்த கொடுமை, யாரோ அடித்த ஆணி. ஆணி இல்லாமல் இருப்பவரைப் பார்த்து எப்படி அழுவது என்று தெரியவில்லை. கால் ஆணிக்காரரான மொராயிஸ் ஒரு நாள் கூட்டத்தில் எழுந்து, பார்க்கவே நெஞ்சு திக்கென்று இருக்கிறது, பேசாமல் திரும்ப அடித்துவிடலாம் என்றார். சுத்தியல் வந்தது. அப்போதுதான் அந்த ஊருக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. ஆணி பிடுங்கும் உரிமைக்கு இரண்டு வீடுகள், அதற்காக வெட்டுக்குத்து வரை போன கதைகள் எல்லாம் இருந்தன. ஆணி அடிக்கும் உரிமையை இதுவரைக்கும் ஒரு வீடும் கேட்டதில்லை. வருடா வருடம் உயிர்ப்புக்கு அடுத்த வாரம், கதவைச் சாத்திக்கொண்டு, வெளியூர் ஆள் ஒருவரைக் கொண்டு அதைச் செய்து முடித்திருக்கிறார்கள். இப்போது எல்லாருக்கும் முன்னால் யார் அடிப்பது? சுத்தியல் கைமாறிக் கைமாறி, கடைசியில் கோயில் அலமாரிக்குள் போய் உட்கார்ந்தது.

வேம்படித்துறைக்காரர்களின் வாயில் நாளைக்கு நூறு முறை வருகிற ஒரு சொல் உண்டு: வேற வழியில்ல. கடலுக்குப் போகிறாயா என்றால், வேற வழியில்ல. சாப்பிட்டாயா என்றால், பழைய கஞ்சிதான், வேற வழியில்ல. குடிக்கிறவன், குடிக்கிறவனோடு குடித்தனம் பண்ணுகிறவள், சண்டையை விட்டவன், விடாதவன் எல்லாருக்கும் அதுதான் பதில். அந்தச் சித்திரை மாதத்தில் அந்தச் சொல் கோயில் வாசலில் வைத்துச் சொல்ல முடியாததாகிவிட்டது. பாதி சொல்லும்போதே சொல்கிறவனின் கண் உள்ளே போகும், உள்ளே ஒருவர் எல்லா வழியும் திறந்திருக்க இருப்பார், சொல்கிறவன் இருமிவிட்டு வேறு பேச்சுக்குப் போவான். புருஷன் சலித்துக்கொண்டால் பெண்சாதி, உன்னை யாரு ஆணியடிச்சு வச்சிருக்கா என்று கேட்கத் தொடங்கினாள். இதனால் இரண்டு வீட்டில் சமாதானமும் ஒரு வீட்டில் பெரிய ரகளையும் உண்டானது.

இப்படியே விட்டிருந்தால் ஊர் பழகியிருக்கும். ஆனால் அதிசயத்துக்கு ஒரு காரணம் கேட்காமல் மனிதர்களால் இருக்க முடியாது, காரணம் கிடைத்தால் அதற்கு ஒரு ஆளும் வேண்டும். இரண்டு ஆணியையும் ஒரே கை பிடுங்கியதால்தான் என்று முதலில் சொன்னது யார் என்று தெரியவில்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து பிடுங்க வேண்டியது. தம்பி சாகக் கிடக்கிறான். அண்ணனிடம் இரண்டு கிட்னி இருக்கிறது. ரத்தமும் ஒரே ரத்தம். ஆண்டவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று இன்னுமா புரியவில்லை?

இன்னாசியின் மனைவி ஆஞ்சலா தவக்காலத்திலேயே வந்து கேட்டிருந்தாள். அவளுடைய ரத்தம் சேரவில்லை, பெண் பிள்ளைகள் இரண்டுக்கும் இன்னும் வயது வரவில்லை, கூடப்பிறந்தவர் என்று வேறு யாரும் இல்லை. எஸ்தாக்கி பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்பது மாட்டேன் என்பதன் மரியாதையான வடிவம் என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், எஸ்தாக்கியின் ஒரே மகள் பிரகாசிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பந்தல்கால் நட்ட பிறகு, ஒரு விருந்துப் பந்தியில் இன்னாசி மாப்பிள்ளையின் தாய்மாமன் பக்கத்தில் உட்கார்ந்து, எங்க அண்ணன் மவ மாதிரி தங்கமான பிள்ளை கிடையாது, நாலு வயசுலயும் ஏழு வயசுலயும் வலிப்பு வந்து பிழைச்ச பிள்ளை, இன்னைக்கு எப்படி நிக்குது பாருங்க என்று பெருமையாகச் சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார். மூன்றாம் நாள் கல்யாணம் நின்றது. இன்னாசி அதற்குப் பிறகு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிற்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேனா என்று எஸ்தாக்கி தன்னையே பல முறை கேட்டிருக்கிறார். தெரியவில்லை. சொல்லாதது வசதியாகவும் இருந்தது.

இப்போது கடற்கரையில், சலூனில், ஐஸ் கம்பெனி வாசலில் எங்கே போனாலும் ஊர் அவரைப் பார்த்தது. வலை தூக்கிவிட வந்தவன் முதுகைத் தடவிக் கொடுத்தான், ஏதோ அந்த இடத்துக்குள் இருப்பது அவனுக்குச் சேர வேண்டிய பொருள் போல. வீட்டில் மனைவி திரேசா, இந்த ஊருக்காக உடம்பைக் கிழித்துக் கொடுக்க நான் விடமாட்டேன் என்று சோற்றுப்பானையிடம் சொன்னாள். கொடுத்தால் ஊர் கொடுக்க வைத்தது என்று ஆகும். கொடுக்காவிட்டால் ஆண்டவரையே தொங்க வைத்தவன் என்று ஆகும். கொடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்கே யாரும் இடம் விடவில்லை என்பது எஸ்தாக்கிக்குக் கோபமாக வந்தது. அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு சின்ன நிம்மதி ஒளிந்திருப்பதையும் அவர் கண்டார். இவ்வளவு பேர் தள்ளும்போது மாட்டேன் என்று நிற்பது ஒரு வீரம் போலவே இருந்தது.

வைகாசியில் பெண்கள் சபை நவநாள் வைத்தது. ஆண்டவர் இறங்கி வரும்படி ஒன்பது நாள் மன்றாட்டு. சபைத் தலைவி தானே பாட்டுக் கட்டினாள். மெட்டு நன்றாக இருந்தது. "இறங்கி வாரும் ஆண்டவரே, எங்கள் கண் காண இறங்கி வாரும், நீர் இறங்கினால் நாங்கள் நம்புவோம்" என்று ஒலிபெருக்கியில் மூன்று தெருவுக்கும் கேட்டது. வியாகுலம் சாமியார் கடற்கரை இல்லாத உள்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர், சாந்தமான மனிதர், அவரும் கூடச் சேர்ந்து பாடினார். படிக்கிற பிள்ளைகள் பாடின. படகில் பாடினார்கள்.

எட்டாம் நாள் எஸ்தாக்கி பின்பக்கத் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். ஊரில் அவருக்கு இன்னொரு பெயர் உண்டு: கூட்டம். பெரிய வெள்ளியன்று ஆண்டவருடைய பாடுகளை மூன்று குரலில் பங்குபோட்டு வாசிப்பார்கள். கதை சொல்கிறவர் குரல் ஒன்று, ஆண்டவர் குரல் ஒன்று, மற்றதெல்லாம், அவரைக் கேலி செய்தவர்களும் கொல்லச் சொன்னவர்களும், கூட்டத்தின் குரல். கடலில் கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை என்பதால் இருபத்திரண்டு வருடமாகக் கூட்டம் முழுவதும் எஸ்தாக்கிதான். தெருவில் தனியாகப் போனாலும், ஏல, கூட்டம் வருது பாரு என்பார்கள். இப்போது பாட்டு மூன்றாம் முறை திரும்பியபோது, அவருடைய உதடு அவரைக் கேட்காமலேயே அசைந்தது. மெட்டு மாறியிருந்தாலும் வரி வாய்க்குப் பழக்கமாக இருந்தது. எங்கே சொன்னேன் இதை? சிலுவையடியில் நின்று, நக்கலாக, முழுத் தொண்டையில், இதே கோயிலில், இதே வருடமும் சொன்னேன்.

அவர் நடுப்பாதையில் முன்னால் நடந்தார். பாட்டு நிற்கவில்லை. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போய்ச் சபைத் தலைவியின் கைமேல் கை வைத்தார்.

"நிப்பாட்டுங்க தாயீ. இது என் பாட்டு."

அவள் என்னவென்று கேட்டாள்.

"இருவத்திரண்டு வருசமா நான் படிக்கிற வரி இது. சிலுவைய விட்டு இறங்கி வா, நாங்க நம்புதோம். சொன்னது யாரு? நல்லவங்களா சொன்னாங்க? அவருக்கு ஆணியடிச்சவங்க சொன்னது. நாம எட்டு நாளா மைக் வச்சுச் சொல்லுதோம்."

பாட்டு பாதி வரியில் நின்றது. மேலே மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. மொராயிஸ் மெல்ல உட்கார்ந்தார். வியாகுலம் சாமியாரின் முகம் வெளுத்துப் போயிருந்தது. குருமடத்தில் எத்தனை வருடம் படித்தவர், ஒரு மீன்பிடிக்காரருக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவர் பீடத்துக்கு ஏறாமல், கீழேயே நின்று, ஒலிபெருக்கி இல்லாமல் பேசினார்.

"அன்னைக்கு அவங்க கேட்டப்ப அவரால இறங்கியிருக்க முடியும். அதுதான் நம்ம விசுவாசமே. முடியாம தொங்கினவர் நமக்கு என்ன செய்ய முடியும்? இறங்கியிருந்தா அவர் பிழைச்சிருப்பார். கீழ நின்ன நாம பிழைச்சிருக்க மாட்டோம். நம்ம பாவத்தை அவர் மேல யாரும் ஏத்தல, அவர்தான் எடுத்துக்கிட்டார். நான் இதை நூறு தடவை பிரசங்கம் பண்ணியிருக்கேன். இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

ஒன்பதாம் நாள் நவநாள் நடக்கவில்லை. யாரும் ரத்துச் செய்யவில்லை, யாரும் பாட வாய் எடுக்கவில்லை. பெண்கள் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். இறங்குவதும் இருப்பதும் அவர் இஷ்டம் என்று ஊர் விட்டுக்கொடுத்தது. அன்றிலிருந்து எஸ்தாக்கியின் முதுகையும் யாரும் தடவவில்லை. எஸ்தாக்கியிடம் தாங்கள் கேட்டதும்கூட அதே ‘இறங்கி வா’தான் என்று அவர்களுக்கே தோன்றியிருக்கலாம்.

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, கோயில் பெருக்குகிற கித்தேரியம்மாள் பீடத்துப் படிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். சத்தம் எதுவும் கேட்கவில்லை, சும்மா நிமிர்ந்தாள் என்று பிற்பாடு சொன்னாள். முதலில் வலது கை மரத்தை விட்டு வந்தது, பிறகு இடது கை. பகல் தூக்கம் தெளிந்து எழுந்திருக்கிற ஆளைப் போல அவசரமில்லாமல் அவர் முன்னால் சரிந்தார். கித்தேரியம்மாள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, பிள்ளை வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டினாள். நாலு ஆண்கள் சேர்ந்து தூக்குகிற சொரூபம் அது. அவள் தனியாக வாங்கி, ஈரப்படியில் உட்கார்ந்து, மடியில் போட்டுக்கொண்டு, யாராவது வருவார்கள் என்று அரைமணி நேரம் காத்திருந்தாள். வந்தவர்களை, இவ்வளவு நேரமா வாறதுக்கு, என் கால் மரத்துப்போச்சு என்று ஏசினாள். அவர் ஏதாவது சொன்னாரா என்று எல்லாரும் கேட்டார்கள்.

"ஒண்ணும் சொல்லல. இறங்கணும்னு தோணிச்சு, இறங்கினாரு. உங்களக் கேட்டா இறங்கணும்?"

அன்று சாயங்காலமே ஆசந்தியில் வைத்துத் தெருச்சுற்றினார்கள். சீருடை மாற்றாத பிள்ளைகள் பின்னால் வந்தன, பாதித் தெருவில் தூறல் போட்டது, பெரிய வெள்ளிக்கு விட்ட இடத்திலிருந்து பெண்கள் ஒப்பாரியைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர்வலத்தில் மொராயிஸ் எஸ்தாக்கியின் பக்கத்தில் வந்து, அவரே இறங்கிட்டாரு வே, இனிமே உன்னைய யாரும் ஒண்ணும் கேக்க முடியாது, நீ தப்பிச்ச என்று சொல்லிச் சிரித்தார். எஸ்தாக்கியும் சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகு தன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, தப்பித்தவன் எதற்காக இப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரகாசி வந்து எதிரில் உட்கார்ந்தாள். முப்பத்திநாலு வயது, அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர், அப்பாவைப் போலவே உரத்த தொண்டை. அன்று அப்பாவின் கைமேல் கை வைத்து மெதுவாகப் பேசினாள்.

"அப்பா, என்னைக் காரணம் வைக்காதீங்க. கொடுக்கலன்னா, மகளுக்காகக் கொடுக்கலன்னு சொல்லாதீங்க. கொடுத்தாலும் மகள் மன்னிச்சிட்டான்னு சொல்லாதீங்க. சித்தப்பாவ நான் எப்பவோ விட்டுட்டேன். உங்களுக்குத்தான் அந்தக் கல்யாணம் நடக்கலங்கிற வருத்தம் இன்னும் இருக்கு. அந்த மாப்பிள்ளைய நான் போன மாசம் பஸ்ஸுல பார்த்தேன். சீட்டுக்காக ஒரு கர்ப்பிணிப் பிள்ளையோட சண்டை போட்டுட்டு இருந்தான்."

எஸ்தாக்கி தலையை ஆட்டினார். மகளும் கையை எடுத்துக்கொண்டாள். மறுநாள் திரேசாவிடம், சோதித்து மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மதுரை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்.

அங்கே இரண்டு நாள் குழாய் குழாயாக ரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு டாக்டரம்மா அவரை மட்டும் தனியாக அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, எல்லாம் ஒத்துப்போவதாகச் சொன்னார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, இதை எல்லாக் கொடையாளிகளிடமும் கேட்கிறோம், தப்பாக நினைக்க வேண்டாம் என்று தொடங்கினார்.

"உங்களுக்கு விருப்பம் இல்லன்னா என்கிட்ட மட்டும் சொல்லுங்க. மருத்துவக் காரணத்தால இவர் கொடுக்க முடியாதுன்னு வீட்டுக்குச் சொல்லிருவோம். என்ன காரணம்னு யாருக்கும் சொல்ல மாட்டோம். உங்க தம்பிக்கும் தெரியாது, சம்சாரத்துக்கும் தெரியாது. ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் நீங்க வேண்டாம்னு சொல்லலாம்."

எஸ்தாக்கி நாளை சொல்கிறேன் என்று எழுந்து வந்து, தாழ்வாரத்துப் பெஞ்சியில் உட்கார்ந்தார்.

அவருடைய ஐம்பத்திநாலு வருடத்தில் அப்படி ஒரு நிலைமை வந்ததில்லை. ஊர் விட்டுவிட்டது. ஆண்டவர் இறங்கிவிட்டார். மகள் விட்டுவிட்டாள். இப்போது இந்தம்மாவும் கதவைத் திறந்து, வெளியே போவது யாருக்கும் தெரியாது என்கிறார். பழி இல்லை, பேச்சு இல்லை. பஸ் ஏறிப் போனால் மீன் குழம்பு இருக்கும். மூன்று மாதம் கடலுக்குப் போகாமல் கிடக்க வேண்டாம், விலாவில் கத்தி வேண்டாம், கண் விழிக்காமல் போய்விடுவோமோ என்று பயப்பட வேண்டாம். பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று அவர் மனதுக்குள் கைவிட்டுத் துழாவினார். தம்பி மேல் பாசம் பொங்கும் என்று பார்த்தார்; பொங்கவில்லை. பந்தியில் சிரித்துக்கொண்டு பேசிய அந்த முகம்தான் வந்தது. கோபமாவது முழுசாக இருக்கிறதா என்றால் அதுவும் பழைய வலை போல அங்கங்கே இற்றுப்போயிருந்தது.

அப்போது அவர் யோசித்தது, ஆண்டவர் ஆணி இல்லாமல் இருந்த அந்த இரண்டரை மாதத்தைத்தான். எல்லாரும் அதிசயம் என்றார்கள். வலித்திருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. ஆணி இருந்தால் ஒருமுறை அடித்ததோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஆணி பார்த்துக்கொள்ளும். ஆணி இல்லையென்றால் ஒவ்வொரு மூச்சுக்கும் புதிதாக இருந்தாக வேண்டும். இப்போது போகலாம், இருக்கிறேன். இப்போது போகலாம், இருக்கிறேன். கல்வாரியில் அந்த மூன்று மணி நேரமும் அப்படித்தான் இருந்திருக்கும். அதுவும் யாருக்காக? கீழே நின்று அழுத அம்மாவுக்காக மட்டுமா? இறங்கி வா பார்ப்போம் என்று கத்தினானே, அவனுக்காகவும்தான். இருபத்திரண்டு வருடமாக அந்தக் குரலைக் கொடுத்தவன் நான். மன்னிப்புக் கேட்டு வந்த பிறகா எனக்காக இருந்தார்? நான் கத்திக்கொண்டிருக்கும்போதே இருந்தார்.

சாயங்காலம்வரை அவர் அந்தப் பெஞ்சியை விட்டு எழுந்திருக்கவில்லை. பாசம் கடைசிவரைக்கும் வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று அவர் முடிவு செய்தார். அந்த முடிவு கையில் எடுத்ததும் கனமாக இருந்தது, ஆனால் தூக்க முடிகிற கனம். மறுநாள் டாக்டரம்மாவிடம் போய், தேதி குறியுங்கள் என்றார்.

திரேசா இரண்டு நாள் சோற்றுப்பானையிடம் மட்டும் பேசினாள். மூன்றாம் நாள், சம்மதம் என்று கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் என்னைச் சந்தோஷமாக இருக்கச் சொல்லாதீர்கள் என்றாள். அவரும் சொல்லவில்லை.

அனுமதி கொடுக்கிற குழுவுக்கு முன்னால் அவரை உட்கார வைத்தார்கள். நீளமான மேசை, ஐந்து பேர், ஓரத்தில் ஒரு கேமரா. ஆபரேஷனில் என்ன என்ன ஆபத்து என்று ஒருவர் வாசித்தார். நடுவிலிருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, யாராவது கட்டாயப்படுத்தினார்களா, மிரட்டினார்களா, ஏதாவது தருவதாகச் சொன்னார்களா என்று கேட்டார்.

"கட்டாயப்படுத்தினாங்கய்யா. இப்ப எல்லாரும் விட்டுட்டாங்க."

அதிகாரி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். தம்பியோடு எப்படிப் பழக்கம் என்று கேட்டார். பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை என்றார் எஸ்தாக்கி. சமாதானம் ஆகிவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை, இன்னும் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றார். அந்த அறையில் அப்படி ஒரு பதிலை அவர்கள் அதுவரைக்கும் கேட்டதில்லை போலிருக்கிறது. எழுதிக்கொண்டிருந்தவர் எழுதுவதை நிறுத்தினார்.

"பிறகு எதுக்குக் கொடுக்கிறீங்க?"

"அவனுக்கு வேணும். என்கிட்ட இருக்கு."

கேமராவைப் பார்த்து, என் சொந்த விருப்பத்தின் பேரில் கொடுக்கிறேன் என்று சொல்லச் சொன்னார்கள். அவர் சொன்னார். கூட்டத்தின் குரலில் பேசியே பழகிய தொண்டை, அறை அதிர்ந்தது, மெதுவாகச் சொன்னாலே பதிவாகும் என்று கேமராக்காரர் சொன்னார். அவர் இன்னொரு முறை மெதுவாகச் சொன்னார்.

ஆபரேஷன் நாள் காலை ஏழு மணிக்கு இருவரையும் பச்சை அங்கியில் ஒரே தாழ்வாரத்தில் கொண்டுவந்து விட்டார்கள். இன்னாசி தள்ளுகட்டிலில் படுத்திருந்தார். முகம் ஊதிப்போய், உதடு வெடித்து, ஐந்து வயது மூத்தவன் அவர்தான் என்று சொல்லும்படி இருந்தார். அண்ணனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் போனது.

"அண்ணே, அன்னைக்குப் பந்தியில நான்..."

"பேசாம படு."

"இல்லண்ணே, சொல்லணும். இவ்வளவு நாள் சொல்லாம..."

"பிறகு சொல்லு, நான் கேக்கத்தான் போறேன். நிறையச் சண்டை போடணும் உங்கூட. மொதல்ல பிழைச்சு வா."

இன்னாசி அழுதுகொண்டே சிரித்தார். அவரைச் சுவரோரமாக நிறுத்தினார்கள். கொடுக்கிறவர்தான் முதலில் உள்ளே போக வேண்டும். தலையில் துணித் தொப்பி போட்ட ஒரு நடுத்தர வயது அம்மா இன்னொரு கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து, ஏறிப் படுங்க அண்ணாச்சி, தள்ளிட்டுப் போறேன் என்றாள்.

எஸ்தாக்கி தாழ்வாரத்தின் கோடியிலிருந்த கதவைப் பார்த்தார். முப்பது அடி இருக்கும். கதவுக்கு இந்தப் பக்கம் படிக்கட்டு, படிக்கட்டுக்குக் கீழே தெரு. பயமாகத்தான் இருந்தது.

"நடந்தே வாரேம்மா."

"ரூல்ஸ் அப்படி இல்ல அண்ணாச்சி. படுத்துத்தான் போகணும்."

"நீ தள்ளிட்டுப் போனா, நீ கொண்டுபோனதா ஆயிரும்."

அவள் ஒரு நிமிடம் அவரைப் பார்த்தாள். பிறகு கட்டிலைத் திருப்பி ஓரமாக விட்டுவிட்டு, அங்கி தடுக்கிவிடாமல் பார்த்து நடங்க என்றாள். எஸ்தாக்கி அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, குளிர்ந்த தரையில் ஒவ்வோர் அடியாக வைத்து, படிக்கட்டைக் கடந்து, கதவைத் தானே தள்ளித் திறந்து உள்ளே போனார்.